அப்பன் பேரு கேக்குற மெஷினு

இத்த மொதமொத எங்கிட்ட சொன்னது நம்ம காஜா மொய்தீன் பாய்தாண்ணே. ரெண்டாயிரத்து ஒண்ணுல, நோம்பு மாசத்துல. எத்தயா? பகலவன் அப்டி இன்னாதான் வேலை பாக்குறான்னு கேட்டீங்கல்ல, அத்ததான். அதுவரைக்கும் இந்த வியாசர்பாடி பிளாக்குல ஒருத்தருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் முன்னால குந்திகினு கீறான், அவ்ளோதான். ரயில் டிக்கெட் போட்டுத் தருவியாப்பான்னு வந்து கேப்பாங்க.

இன்னாத்துக்கு நின்னுகினே கேக்குறீங்க, குந்துங்க. இந்தப் படி கழுவினதுதான். பொண்ணு வூட்டுக்காரங்க அனுப்பிச்சு, பையன் எப்டி, குடும்பம் எப்டின்னு விசாரிக்க வந்துகீறீங்க. நீங்க திரும்பிப் போயி நல்ல எடம்னு சொன்னா கல்யாணமாம். ஒதட்டப் பிதுக்கினா ஒண்ணியும் இல்லியாம். அவ்ளோ பெரிய வேலைய நின்ன வாக்குல செய்யலாமா? எனுக்கும் இந்த முருங்கக் கீரைய ஆஞ்சி முடிக்கணும்.

எப்டிக் கண்டுபுடிச்சேனா? இஸ்திரி போட்ட வெள்ள சட்ட. கக்கத்துல பையி. டீக்கடையில ஒரு டீய வாங்கி ஆறப்போட்டுகினு மூணு பேருகிட்ட விசாரணை. அப்பால ரேஷன் கடை. அப்பால இங்க வந்து, ஏம்மா நீங்க இந்த பிளாக்குலதான் குடியிருக்கீங்களான்னு கேட்டீங்க. ஆமான்னேன். கரண்டு ஆபீசுலேர்ந்து வரவங்க இவ்ளோ மரியாதையாவா கேப்பாங்க?

காஜா பாய் கீழ் வூட்டுக்காரரு. ட்ரெயிலர் லாரி ஓட்றாரு. திருவொத்தியூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டு. பேரு வேணாம், பாவம், அவங்களும் பொழைக்கணும். அங்கேர்ந்து ஒரு பெட்டிய ஹார்பருக்கு எடுத்துகினு போவ சொல்லிகீறாங்க. உள்ள எறாலு. காத்திவாக்கத்துல புடிச்சது, வெளிநாட்டுக்குப் போவுது. அது குளிர்பெட்டிண்ணே, எந்நேரமும் கரண்டு குடுத்துகினே இருக்கணும். யார்டுல எந்தப் பெட்டிய எங்க வெக்கறதுன்னு சொல்ற மெஷினு இன்னா பண்ணிச்சு, அத்தக் கொண்டுபோயி இரும்புக் கம்பி பெட்டிங்களோட மூலையில அடுக்கிட்சி. பிளக்கும் இல்ல ஒண்ணியும் இல்ல. நாள் கணக்கா கெடந்துகீது. பாய் போயி அதும் பக்கத்துல நின்னாரு பாருங்க, அவ்ளோதான். அன்னிக்கு நோம்பு தொறக்க வந்த மனுசன அவரு வூட்டுக்காரம்மா ஜன்னத் அக்கா உள்ளயே வுடல. கஞ்சிய வாசப்படியில வெச்சிட்டு மூக்க மூடிகினு போய்ட்டாங்க.

அந்தக் கஞ்சியக் குடிச்சிகினே பகலவனப் புடிச்சிகினாரு. ஏண்டா நைனா, அந்த மெஷினுக்குப் பாடம் எழுதறது உங்க ஆபீசுதானாமே, அதுக்கு எறாலுக்கும் இரும்புக்கும் வித்தியாசம் தெரியாதாடான்னாரு. இவன் கொஞ்சமாச்சும் வெக்கப்பட்டானா? தெரியாது பாய், இன்னும் சொல்லிக் குடுக்கலன்னான்.

தண்ணி குடிக்கிறீங்களா? வேணாமா. வெயில்ல வந்துகீறீங்களே. சரி, காஜா பாய் புள்ள யாசின அனுப்பிச்சு சோடா வாங்கியாற சொல்லவா? மூடி போட்டு சீலு வெச்சது. எங்க கை யாரோடதும் உள்ள பட்டிருக்காது. அதுவும் வேணாமா. பரவால்ல, பரவால்ல, எனுக்கு ஒண்ணும் வருத்தமில்லண்ணே. ஊரு தண்ணி ஒத்துக்காதுன்னா ஒத்துக்காதுதான்.

ஆபீசா? ராயபுரத்துல, கயிறு விக்கிற கடைக்கு மேல் மாடியில. தாமோதரன்னு ஒருத்தரு நடத்துறாரு. முன்ன ஒரு கப்பல் ஏஜெண்டுகிட்ட கம்ப்யூட்டர் பாத்துகினு இருந்தவரு. நாலு சேரு போட்டு, ஒரு ஃபேன மாட்டி, புதுசா ஒரு பாஷ கண்டுபுடிக்கப் போறேன்னு கெளம்பிட்டாரு. எனக்கு சிரிப்பு தாங்கல. நாங்க பேசறதையே பாஷ இல்லன்னு டிவில கிண்டல் பண்ணிகினு கீறாங்க, இதுல இன்னொண்ணு வேறயா? பேசறதுக்கு இல்லியாம். யார்டுக்காரங்க எந்தப் பெட்டி எங்க போவணும், எத்தத் தூக்கணும், எத்த எறக்கணும்னு மெஷினுக்கு எழுதிச் சொல்ற பாஷையாம். எழுதினத்த மெஷினுக்கு அப்டியே குடுத்தா புரியாது. நடுவுல ஒருத்தன் ஒக்காந்து படிச்சு, தப்பு இருந்தா திட்டிட்டு, சரியா இருந்தா மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்திக் குடுக்கணும். அவன் பேரு கம்பைலராம். அவன் மனுசன் இல்ல, அவனையும் எழுதிதான் செய்யணும். அத்ததான் பகலவன் செய்றான். இதுக்கு மேல என்னக் கேக்காதீங்க. எனக்கு எட்டாங்கிளாஸு.

எறாலு நாறினப்போ அந்த பாஷையில எல்லாமே நம்பர்தான். எறாலும் நம்பரு, இரும்பும் நம்பரு, அதுங்க வெயிட்டும் நம்பரு, லாரிக்காரன் வயசும் நம்பரு. எத்த எங்க வெச்சாலும் கம்பைலரு சரிங்க மொதலாளின்னு தலையாட்டும். அந்தத் தலையாட்டிக்கு புத்தி வெக்கணும்னு முடிவு பண்ணாங்க. ஒவ்வொரு சாமானுக்கும் நீ இன்னா சாமான்னு ஒரு வகை சொல்லணும், அதுக்குப் பேரு கிளாஸு. அது பகலவன் வேலை. சொன்ன வகை போற எடத்துக்குப் பொருந்துதான்னு ஓடறதுக்கு முன்னாலயே பாத்து, பொருந்தலன்னா தூக்கி வெளிய போடணும். அதுக்குப் பேரு டைப் செக்கு. அந்த வேலைக்கு ஆள் தேடினப்போதான் ஆரணியிலேர்ந்து உங்க சுபாஷிணி வந்துச்சு. ராயபுரத்துல லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கிச்சு.

நீங்க அதுக்கு சித்தப்பா மொறையா? ஓ, அப்பாவுக்கு சிநேகிதரு. தூரத்து சொந்தமும்தான். சரி சரி.

பொண்ணப் பத்தி நீங்க கேக்கல, ஆனாலும் சொல்றேன். வந்த புதுசுல பூன மாதிரி இருந்துச்சாம். தாமோதரன் சாரு ஒரு நாளு ஏதோ தப்பா சொன்னாரு. சார், அப்டி இல்ல சார்னு ஆரமிச்சுது, அவரு டீ குடிக்கப் போயி திரும்பி வந்தும் முடிக்கலயாம். பகலவன் வந்து சொல்லிச் சொல்லி சிரிச்சான். தெனமும் சிரிச்சான். ஒரே பொண்ணப் பத்தி ஒரு பையன் தெனமும் வூட்ல வந்து சிரிச்சா இன்னா அர்த்தம்? எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. அவனுக்குதான் தெரியல.

ஆங், பையன் குடிப்பானான்னு கேட்டீங்கல்ல. டீ குடிப்பான். ஒரு நாளைக்கு எட்டு ஒம்பது. அத்த எழுதிக்கோங்க, பெரிய கெட்ட பழக்கம்.

அப்பாவா? மில்லுல வேலை செஞ்சவரு. மில்லு மூடினப்பறம் காவல் வேலைக்குப் போனாரு. தவறிட்டாரு. நல்ல மனுசன். அவருக்கு அப்பாவா? அவங்கப்பாவுக்கு சொந்த ஊரா? எந்த வகையறாவா?

இருங்கண்ணே, கொஞ்சம் இருங்க. நீங்க கேக்கறத்தப் பாத்தா எனக்கு சிரிப்பு வருது. மரியாதக் கொறவா சிரிக்கல, மன்னிச்சிக்கோங்க. இதே கேள்விய, இதே வரிசையில, இந்தப் பகலவன் எழுதின கம்பைலரும் கேட்டுச்சு. அத்த சொல்லியே ஆவணும்.

இவன் கிளாஸு எப்டி செஞ்சான்னா, பெட்டின்னு ஒரு பெரிய வகை. அதுக்குப் பொறந்த புள்ளைங்க குளிர்பெட்டி, ஆயில் பெட்டி, ஆசிட் பெட்டி. அப்பங்கிட்ட இருக்கிற கொணமெல்லாம் புள்ளைக்கும் வந்துடும், மேல தனக்குன்னு ரெண்டு சேத்துக்கும். ஏதாச்சும் ஒரு பெட்டி வேணும்னா குளிர்பெட்டி போலாம். குளிர்பெட்டிதான் வேணும்ங்கிற எடத்துக்கு வெறும் பெட்டி போவ முடியாது. அதாவது அப்பன் எடத்துக்குப் புள்ள போலாம், புள்ள எடத்துக்கு அப்பன் போவக் கூடாது. இது நல்லாதான் கீது. எங்க பிளாக்குலயே நாலு அப்பனுங்களுக்கு இத்த சொல்லணும்.

ஆனா செக்கு பண்றதுக்கு இவன் சொல்லிவெச்ச வழி கீது பாருங்க. பெட்டி ஒண்ணு வந்து வாசல்ல நிக்கும். நீ யாருன்னு கேக்கும். பேரு சொல்லும். உங்கப்பன் யாரு? சொல்லும். உங்கப்பனுக்கு அப்பன் யாரு? இப்டியே மேல மேல ஏறிப் போயி, வம்சத்துல குளிர்பெட்டிங்கிற பேரு வந்தா உள்ள வா. வரலன்னா தப்பு, போ. அவ்ளோதான். ஏன் தப்பு, எங்க தப்பு, ஒண்ணியும் சொல்லாது. பெரிய எடத்து வாட்ச்மேன் மாதிரி மூஞ்சிய வெச்சிகினு நிக்கும்.

சுபாஷிணி ஆரம்பத்துலயே சொல்லிச்சாம், இது வேணாம், மாட்டிக்குவோம்னு. இவன் கேக்கல. கிளாஸு என் டிபார்ட்மெண்ட்டுன்னுட்டான்.

மாட்டிகினாங்க. யார்டுக்கு மருந்துப் பெட்டி வந்துச்சு. வேற கம்பெனி செஞ்ச பெட்டி, அதுக்குள்ளயே சின்ன எஞ்சினு, தானே குளிர் பண்ணிக்கும். நம்ம குளிர்பெட்டிய வுட ஷோக்கா வேலை செய்யும். ஆனா வம்சத்துல குளிர்பெட்டி இல்ல. கம்பைலரு கேட்டுச்சு, உங்கப்பன் யாரு? அது சொல்லிச்சு. அந்தப் பேரு இவன் லிஸ்டுல இல்ல. தப்பு, போ. ஒரு பெட்டிக்காக மொத்த யார்டு புரோகிராமும் நின்னுபோச்சு. ஏன்னா இதுல ஒரு வரி தப்புன்னாலும் மொத்தத்தையும் ஓட வுடாதாம்.

யார்டுக்காரங்க போன் மேல போனு. தாமோதரன் சாருக்கு வேர்த்துக் கொட்டுது. அவரு ஒரு வழி சொன்னாரு. கேளுங்கண்ணே, எவ்ளோ அழகான வழின்னு. அந்த மருந்துப் பெட்டிக்கு அப்பன் பேர மாத்திப் போட்ரு, குளிர்பெட்டிக்குப் பொறந்ததுன்னு எழுது, யாரு போயிப் பாக்கப் போறான்னாரு. பகலவனும் தலைய சொறிஞ்சிகினே மாத்திப் போட்டான். கம்பைலரு பாத்துச்சு. ஓ, நம்ம ஆளா, வாங்க வாங்க, உள்ள வாங்க!

சிரிக்கிறீங்களே. சிரிங்க. நம்மூர்ல நடக்காததா?

ஆனா மெஷினுக்குப் பொய் தெரியாது பாருங்க. அப்பன் பேரு குளிர்பெட்டின்னா, அப்பன் கொணமெல்லாம் உனக்கும் இருக்கணும்ல? குளிர்பெட்டின்னா பக்கவாட்டுல பிளக்கு இருக்கும், அத்த கரண்டுல சொருவினாதான் அடுத்த வேலை. இந்தப் பெட்டிக்கு பிளக்கே கெடையாது, அதுதான் எஞ்சினு வெச்சிகினு கீதே. மெஷினு, பிளக்க சொருவு, பிளக்க சொருவுன்னு அங்கயே நின்னுபோச்சு. சொருவுற வரைக்கும் அடுத்த பெட்டிய எடுக்க மாட்டேன்னு அடம். ஆளுங்க பெட்டிய சுத்தி சுத்தி வந்து இல்லாத பிளக்க தேடுறாங்க. வெளிய லாரிங்க எர்ணாவூர் வரைக்கும் வரிச கட்டிக்கிச்சு. காஜா பாய் அன்னிக்கும் மாட்டிகினாரு. லாரிக்குக் கீழ பாய விரிச்சு தூங்கி எழுந்து, பல்லு வெளக்கி, அங்கயே நாஷ்டா துன்னுட்டு வந்து சொன்னாரு. போன வாட்டி வித்தியாசம் தெரியாத மெஷினு, இந்த வாட்டி வித்தியாசம் மட்டுமே தெரிஞ்ச மெஷினா நைனான்னு.

அதுக்கு அடுத்த ஞாயித்துக்கெழம. இது நான் கண்ணால பாத்த சேதி. சுபாஷிணியும் இன்னொரு பையனும் மதிய சாப்பாட்டுக்கு இங்க வந்தாங்க. ஆமா, இந்த பிளாக்குலதான், மாடியில. சாப்புட்டுச்சா? நல்லா சாப்புட்டுச்சுண்ணே. எங்க கையால செஞ்சத்ததான். தண்ணியும் குடிச்சிச்சு. நீங்க அப்டிப் பாக்காதீங்க, அது வந்து வருசம் ஒண்ணாவுது, நல்லாதான் கீது.

எலையில சோறு விழுறதுக்கு முன்னாலயே சண்ட. இவன் சொல்றான், வம்சத்தப் பாத்தாதான் நம்பிக்க, பேரு தெரியாதவன எப்டி உள்ள வுடறது? சுபாஷிணி எழுந்து நேரா சமையக்கட்டுக்குப் போச்சு. ரெண்டு கையிலயும் டப்பாவா அள்ளிகினு வந்து நடு வூட்ல வரிசையா வெச்சுது. உங்க வூட்லயும் அப்டிதான இருக்கும்? ஹார்லிக்ஸ் பாட்டில்ல உப்பு. நெய் டப்பாவுல காப்பித்தூள். பிஸ்கெட் டின்னுல தொவரம் பருப்பு. எந்த வூட்ல எழுதின பேருக்குள்ள எழுதின சாமான் கீது? பகலவா, உன் செக்குப்படி இந்த வூட்ல உப்பே இல்ல, உப்பில்லாமதான் சாப்புடறியான்னு கேட்டுச்சு.

நான் வுடுவேனா? இவன் அதுக்கு முந்தின வாரம்தான் சக்கரன்னு நெனச்சு உப்ப அள்ளி டீயில போட்டுகினவன், அத்த நான் சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அதுல இவனுக்கு ரோசம்.

சுபாஷிணி பாட்டில தொறந்து ஒரு கல்லு எடுத்து நாக்குல வெச்சுது. இவ்ளோதான் செக்குன்னுச்சு. இந்த எடத்துக்கு இன்னா வேலை தெரியணும்? குளிர் வெச்சிக்கத் தெரியணும், எவ்ளோ குளிர்னு கேட்டா சொல்லத் தெரியணும். இந்த ரெண்டும் உனக்குத் தெரியுமா? தெரியும்னா வா. உங்கப்பன் யாரா இருந்தா எனக்கு இன்னா? அப்டி எழுதுவோம் பகலவான்னுச்சு.

இவனும் லேசுப்பட்டவன் இல்ல. ரெண்டு பெட்டி எனக்கு தொறக்கத் தெரியும்னு சொல்லுதுன்னு வெச்சிக்கோ, ஒண்ணு கதவத் தொறக்கும், ஆசிட் பெட்டி வால்வத் தொறக்கும், கீழ நிக்கிறவன் கால் போய்டும், அப்ப இன்னா பண்ணுவன்னான். அது உப்பு பாட்டில மூடி வெச்சுது. சரி, ஆசிட்டுக்கு மட்டும் பேரு கேளு, நான் ஒத்துக்கறேன். மனுசங்க யாரும் ஆசிட் இல்ல, பெட்டிங்கள்லயும் முக்காவாசி ஆசிட் இல்லன்னுச்சு.

அப்பவும் இவன் ஏதோ சொல்ல வாயத் தொறந்தான். அப்பதாண்ணே அது சொன்னது. கத்தல, கொரல எறக்கிகினு சொல்லிச்சு. காலேஜ்ல உன்ன இன்னா கேட்டாங்க பகலவா? வாடகைக்கு வூடு தேடிப் போனியே பெரம்பூர்ல, அங்க இன்னா கேட்டாங்க? உங்கப்பா யாரு, அவங்கப்பா எந்த ஊருன்னு கேட்டு கதவ சாத்தினாங்கன்னு நீதான எங்கிட்ட சொன்ன? அந்தக் கேள்விய நீ ஒக்காந்து, ஒரு வரி கூட வுடாம, மெஷினுக்கு சொல்லிக் குடுத்து வெச்சிகிறியே. எங்கூர்க்காரங்க எழுதியிருந்தா எனக்கு ஆச்சரியமில்ல. நீ எப்டி எழுதின?

அதுக்குள்ள நான் போட்ட சோத்துலேர்ந்து பகலவன் கைய எடுத்துட்டான். கூட வந்த பையன் அப்பளத்தக் கடிக்கலாமா வேணாமான்னு கையிலயே வெச்சிகினு முழிச்சான். நானு சாப்டுட்டு சண்ட போடுங்க புள்ளைங்களான்னேன், வேற இன்னா சொல்றது. எனக்கு அந்தப் பொண்ணு காலத் தொட்டுக் கும்புடணும் போல இருந்துச்சு. பெரியவ நான், செய்யக் கூடாது. மோர் ஊத்தினேன்.

பகலவன் எழுந்து போயி இதே படியில குந்திகினு இருந்தான் ரொம்ப நேரம். அப்பால, அந்த மழைக்காலம் பூரா எழுதினத்த எல்லாம் பிரிச்சு மறுபடி கட்டினாங்க, ரெண்டு பேரும். தாமோதரன் சாரு தலையில கைய வெச்சிகினாரு. வேலை முடிஞ்சு யார்டுக்காரங்க பாராட்டினப்போ கைய எடுத்துட்டு, இது என் ஐடியாதான்னுட்டாரு. இப்ப அந்தக் கம்பைலரு தப்புன்னா கூட மரியாதையா சொல்லுதாம். இந்த எடத்துக்குக் குளிர் வெச்சிக்கத் தெரியணும், நீங்க அனுப்பினதுக்குத் தெரியல, இன்ன வரியில பாருங்கன்னு. போ போன்னு தொரத்தறது இல்ல. அது சுபாஷிணி எழுதினது. காஜா பாய் கேட்டுட்டு, எங்க வூட்டுக்காரிக்கும் இத்தப் போட முடியுமாம்மான்னாரு.

அவங்க ரெண்டு பேருக்கும் எப்பலேர்ந்து பழக்கம்னு நீங்க கேட்டா, அந்த ஞாயித்துக்கெழம மோரு ஊத்தினதுலேர்ந்துன்னு நான் சொல்லுவேன். திட்டு வாங்கினப்பறம்தான் அவன் சிரிக்கறத்த நிறுத்தினான்.

சரி, நீங்க கேளுங்க. கோயிலா? மாரியம்மன் கோயிலுக்குப் போறதில்ல, யாரு போனாலும் வேணாம்னு சொல்றதில்ல. வூட்ல புத்தர் படம் கீது, அம்பேத்கர் படம் கீது. உங்களுக்கு அதுலயே பதில் கெடச்சிருக்குமே, அப்பறம் இன்னாத்துக்கு வகையறான்னு வாய வலிக்கக் கேட்டுகினு இருந்தீங்க? கோச்சிக்காதீங்க. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவங்கம்மாவா? எட்டாவதோட நின்னுபோச்சு. வெளி வேலைக்குப் போயி புள்ளைங்கள படிக்க வெச்சுது. மூத்தது பொண்ணு, ரமாபாயின்னு பேரு, வள்ளூர்ல கட்டிக் குடுத்தாச்சு. இந்தம்மா காலையில சாயங்காலம் ரெண்டு வேளையும் புத்தர் முன்னால வெளக்கேத்தி, உயிர் கொல்ல மாட்டேன், திருட மாட்டேன், பொய் சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டுதான் மத்த வேலை. அதுல அந்தப் பொய்யி சமாச்சாரத்தாலதான் அக்கம்பக்கத்துல கொஞ்சம் பேஜாரு. புதுப் பொடவ நல்லாருக்கான்னு யாரும் அதுகிட்ட கேக்கறது இல்ல. மருமவள நல்லா வெச்சிக்குமான்னா, அத்த நான் சொல்லக் கூடாதுண்ணே. வெச்சிக்கணும்னு ஆசப்படுது. அவ்ளோ சொல்லலாம்.

எழுந்துட்டீங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சா. ஒரு நிமிசம் இருங்க, இவ்ளோ நேரம் பேசிட்டு ஒண்ண சொல்லாம அனுப்பினா எனக்கு சாயங்காலம் வெளக்கேத்த மனசு வராது.

பகலவன் நான் பெத்த புள்ளதான்.

உக்காருங்க, உக்காருங்க. நான் ஒரு பொய்யும் சொல்லலண்ணே, யோசிச்சுப் பாருங்க. இங்க குடியிருக்கியான்னீங்க, ஆமான்னேன். அவங்கம்மா எப்டின்னீங்க, எப்டின்னு சொன்னேன். நீங்க யாரும்மான்னு மட்டும் கேக்கல. அத்தனை பேரோட அப்பன் பேரும் கேட்டீங்க, எதிர்ல கீறவ பேரு கேக்கல.

கொஞ்சம் மெதுவாண்ணே. மேல தூங்கிகினு கீது. யாரா? உங்க சுபாஷிணிதான்.

நீங்க விசாரிக்கறதுக்குன்னு கெளம்பி, பெரம்பூர்ல சொந்தக்காரங்க வூட்ல தங்கிட்டீங்க, உங்களுக்கு சேதி வந்திருக்காது. முந்தாநாளு வந்துச்சு. நேத்து காலையில பிக்கு ஒருத்தர் வந்து, வெளக்கேத்தி, மால மாத்தி வெச்சாரு. காஜா பாய் வூடும் நாங்களும்தான். அடுத்த வாரம் ரிஜிஸ்டர் பண்ணணும். உங்களுக்கும் ஒரு எல சாப்பாடு போட்டிருப்பேன், நீங்கதான் தண்ணியே குடிக்க மாட்டேன்னீங்க.

கோவப்படுங்க. நானும் ஒரு பொண்ணக் கட்டிக் குடுத்தவதான், எனக்குப் புரியும். ஆனா இத்தக் கேட்டுட்டுக் கோவப்படுங்க. லீவுக்கு ஊருக்குப் போன பொண்ணுகிட்ட, ஆள அனுப்பி விசாரிக்கிறேன், அதுவரைக்கும் வூட்டத் தாண்டக் கூடாதுன்னு அவங்கப்பா சொல்லிகீறாரு. சரிப்பான்னு ஒத்துகினு இருந்துகீது. விசாரிச்சா நல்லதுதான சொல்லுவாங்கன்னு நம்பிச்சாம், பைத்தியம். அவரு அதோட வுடல. அது போட்டுகினு இருந்த மூக்குக் கண்ணாடியக் கயட்டி வாங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாரு. கண்ணு தெரியாதவ எங்க போவப் போறான்னு. அதுக்கு கண்ணாடி இல்லன்னா கைய நீட்டினா வெரலு தெரியாதுண்ணே. அன்னிக்குதான் அது முடிவு பண்ணிகீது.

ஆரணியிலேர்ந்து ஒவ்வொரு பஸ்ஸா, இது எங்க போவுது, இது எங்க போவுதுன்னு கேட்டுக் கேட்டு, தடவிகினே வந்துச்சு. இந்த வாசல்ல வந்து, பகலவன்னு நெனச்சு, காஜா பாய் புள்ள யாசின் கையப் புடிச்சிகினு அழுதுச்சு. அவன் பயந்துபோயி, நான் யாசினுங்க, நான் யாசினுங்கன்னு கத்துறான். அதுக்கப்பறமும் அது கைய வுடல.

இப்ப சுவத்தப் புடிச்சிகினு நடக்குது. வேலைக்குப் போவணும்னு துடிக்குது, ஸ்கிரீன்ல மூக்கு ஒட்டினாதான் எழுத்து தெரியும். பகலவன் புதுசு செய்யக் குடுத்துகீறான், அவ்ளோ கனமான கண்ணாடி வர்றதுக்கு நாளாவுமாம்.

எங்களப் பத்தி அவங்கப்பாகிட்ட நீங்க இன்னா வேணா சொல்லிக்கோங்க. நல்ல எடம்னு சொல்ல வேணாம். அவரு இங்க வர வேணாம், வாழ்த்த வேணாம், சாபம் குடுத்தா கூட குடுக்கட்டும். அந்தக் கண்ணாடிய மட்டும், ஒரு துணியில சுத்தி, குடுத்தனுப்ப சொல்லுங்கண்ணே.